இரவுப் பணியும் ஊரார் உறக்கமும்

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் நின்று தமிழின் இனிமையை எடுத்துரைக்க, நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு அவ்விடத்தில் ஒரு ரெயில்வே குமாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவன் நான். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், அது போதும்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று ஆபீஸ் கோப்பு. மற்றொன்று நம் காலனி. இவ்விரண்டும் சென்ற தை மாதத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அம்மோதலின் நடுவில் அகப்பட்டவன் அடியேன். அதில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தண்டவாளத்தின் மேலாகச் சென்று நம் காலனியை மறுபுறத்துச் சந்தையோடும் முருகன் கோயிலோடும் இணைக்கின்ற நடைமேம்பாலத்தை அறியாதவர் இச்சபையில் ஒருவரும் இரார். அது அபாயகரமானது என்று கண்டு, மார்கழிக் கடைசியில் இருபுறமும் தகரம் அடித்து மூடினார்கள். தை பிறந்து சில நாட்களில், ஓர் இரவு பதினொரு மணிக்கு இடிக்கும் வேலை தொடங்கியது. அந்த முதல் இரவு உங்கள் நினைவில் இருக்கும். கம்பிரசர் உறுமியது, பிரேக்கர் கான்கிரீட்டைக் குத்தியது, வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் நடுங்கின. குழந்தைகள் வீறிட்டு அழுதன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் தாயாருக்கு எழுபத்து நான்கு வயது, இரத்த அழுத்தக்காரர். மூன்றாம் இரவில் அவருக்குத் தலை சுற்றி, விடியுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் மாலை காலனியார் கூடினோம். வேலையை இரவில் செய்யக் கூடாது என்று மனு எழுதுவதென முடிவாயிற்று. "நீர்தாம் ரெயில்வேக்காரர், எந்த வாசகம் எங்கே தைக்கும் என்று உமக்குத்தான் தெரியும்" என்று பேனாவை என் கையில் கொடுத்தார்கள். நானும் எழுதினேன். சினத்தோடு எழுதினேன். "பாலத்தைத்தான் மூடிவிட்டீர்களே, பின் என்ன அவசரம்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்தேன். அறுபத்திரண்டு குடும்பத்தார் கையொப்பமிட்டார்கள். முதற் கையொப்பம் என்னுடையது.

அன்பர்களே, விதியின் வேடிக்கையைக் கேளுங்கள். என் ஆபீஸ் வேலைகளுள் ஒன்று, வருகின்ற தபால்களைப் பதிவேட்டில் பதிந்து உரிய கோப்பில் சேர்ப்பது. இரண்டு நாள் கழித்து அந்த மனு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. நானே எழுதிய மனுவுக்கு நானே எண் இட்டேன். அதைச் சேர்க்க வேண்டிய கோப்பை எடுத்து விரித்தேன். அதில் இருந்த இரண்டு காகிதங்கள் என்னைத் தலைகுனிய வைத்தன.

முதற் காகிதம் பாலத்தைச் சோதித்த பொறியாளரின் அறிக்கை. விரைவு வண்டித் தடத்தின் மேலிருக்கும் இரும்புக் கர்டரின் கீழ்த்தகட்டைத் துரு தின்றுவிட்டது. வண்டி செல்லும்போது எழும் அதிர்வில் அது மேலும் தளர்கிறது. முப்பது நாட்களுக்குள் இறக்கிவிட வேண்டும். அதுவரை அவ்விடத்தில் வண்டிகள் வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மனுவில் நான் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருந்தது. பாலத்தை மூடினால் மேலே நடப்பவருக்கு ஆபத்து நீங்கும். கீழே செல்பவருக்கு நீங்காது. கர்டர் விழுமானால் மின்கம்பியின் மேலும், மனிதர் நிறைந்த வண்டியின் மேலும் அல்லவா விழும்? அதுமட்டுமன்று. பாலம் மூடியபின் நம்மவர் பலர் ஒரு மைல் சுற்றிப் போக மனமின்றித் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கத் தொடங்கினார்கள். நீங்களும் கண்டீர்கள், நானும் கண்டேன். மும்பைப் புறநகர்த் தடங்களைக் குறுக்கே கடக்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மாண்டு போகிறார்கள். ஆகவே பழைய பாலம் இறங்கிப் புதிய பாலம் ஏறும் வரையில், ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய உயிரைப் பணயம் வைத்த நாளே.

இரண்டாவது காகிதம், வேலை தொடங்குவதைப் பற்றிய அறிவிப்பு. அதன் நகல் எட்டு இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது. நிலைய அதிகாரிக்கு ஒன்று, மின்சாரப் பிரிவுக்கு ஒன்று, பாதுகாப்புப் படைக்கு ஒன்று, ஒப்பந்தக்காரருக்கு ஒன்று, இப்படி எட்டு. ஆனால் பாலத்தின் காலடியில் வாழ்கின்ற நம் காலனிக்கு ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் யார் தெரியுமா? நான்தான். ஆண்டுக்கு நூறு அறிவிப்புக்களை அடிக்கின்ற கை, ஊர்ப்பெயரைக்கூடக் கவனியாமல் அடித்திருக்கிறது. என் தாயார் உறங்கும் அறையிலிருந்து அறுபது அடித் தொலைவில் பிரேக்கர் ஓடப்போகிறது என்ற செய்தி என் விரல்களின் வழியாகவே சென்றது. என் அறிவுக்கு எட்டவில்லை. மனுவில் நான் கொட்டிய சினத்தில் பாதி எனக்கே உரியது என்று அன்று உணர்ந்தேன்.

ஆகையால், இரவு வேலையை அடியோடு எதிர்ப்பதும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பதும் தவறு என்று கண்டேன். இரண்டுக்கும் நடுவில் நியாயம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலாவது, இரவில் ஏன் செய்ய வேண்டும்? ரெயில்வே வேலையின் இயல்பை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மும்பையின் புறநகர் வண்டிகளில் நாள்தோறும் பல லட்சம் மக்கள் பயணம் செய்கிறார்கள். கடைசி வண்டி நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணிக்கு அடங்குகிறது. முதல் வண்டி நாலு மணி சுமாருக்குப் புறப்பட்டுவிடுகிறது. இடையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. தடத்தின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதை நிறுத்தி, நிறுத்தியதை உறுதி செய்து, பூமியோடு இணைத்த பின்னரே ஆட்கள் ஏறலாம். இதைத்தான் பவர் பிளாக் என்கிறோம். வண்டியையும் மின்சாரத்தையும் ஒருசேர நிறுத்தினாலன்றிக் கர்டரைத் தொட முடியாது. பகலில் நிறுத்தினால் லட்சக்கணக்கானோர் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக முடியாமல் தவிப்பார்கள். எஞ்சிய வண்டிகளில் நெரிசல் பெருகும். நெரிசலே உயிரைக் குடிக்கும்.

நெரிசல் உயிரைக் குடிக்கும் என்பது வெறும் பேச்சன்று. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி காலையில், எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைத்த குறுகலான நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் வண்டியிலிருந்து இறங்கிய கூட்டமும் நெருக்க, இருபத்து மூன்று பேர் மாண்டார்கள். அதன் பின்னர் இராணுவத்தாரை அழைத்து அவ்விடத்திலும் கறி ரோடு, ஆம்பிவ்லி நிலையங்களிலும் நடைமேம்பாலங்கள் கட்டுவித்து, 2018 பிப்ரவரி இறுதியில் திறந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 3ஆம் தேதி அந்தேரியில் கோகலே பாலத்தின் நடைபாதைப் பகுதி இடிந்து தண்டவாளத்தின் மேல் விழுந்தது. 2019 மார்ச் 14ஆம் தேதி மாலையில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்தின் தளம் பெயர்ந்து சாலையில் விழுந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பாலங்கள்! கூட்டம் குறைந்த வேளை பார்த்துப் பாலம் விழுவதில்லை. காலையிலும் மாலையிலும், மனிதர் நிறைந்த வேளையிலேயே இம்மூன்றும் நேர்ந்தன.

இதற்கு மாறான காட்சியையும் இம்மாநகரம் கண்டிருக்கிறது. மஸ்ஜித் நிலையத்தருகே இருந்த கர்னாக் பாலம் பிரிட்டிஷார் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அது பாதுகாப்பற்றது என்று அறிவித்தபின், 2022 நவம்பர் 19ஆம் தேதி இரவு பதினொரு மணி தொடங்கி 21ஆம் தேதி பின்னிரவு இரண்டு மணி வரை, 27 மணி நேரம் பிளாக் எடுத்து அதனைக் கழற்றி இறக்கினார்கள். நாளும் நேரமும் முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தன. மக்கள் முணுமுணுத்தார்கள், ஆயினும் பொறுத்தார்கள். அவ்விடத்தில் எழுந்த புதிய பாலம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. விழுந்த பாலத்துக்கும் இறக்கிய பாலத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்: ஒன்று தானே நேரம் குறித்துக்கொண்டது, மற்றொன்றுக்கு மனிதன் நேரம் குறித்தான்.

நிற்க. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. 2010இல் செய்த திருத்தத்தின்படி, ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதிகளில் இரவில் இயக்கலாகாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலிபெருக்கிக்கும் வண்டி ஹாரனுக்கும் தடை விதித்த இடங்களில், பொது நெருக்கடியின்போது விலக்கு என்று எழுதியவர்கள், கட்டுமான இயந்திரத்தைப் பற்றிய வரியில் அந்த விலக்கை எழுதவில்லை. மற்றொருபுறம், 1989ஆம் ஆண்டின் ரெயில்வே சட்டம் 11ஆம் பிரிவு, வேறெந்தச் சட்டத்தில் எது இருப்பினும், ரெயில்வே தன் பாதைக்கு வேண்டிய வேலைகளைச் செய்துகொள்ளலாம் என்று அதிகாரம் தருகிறது. ஒரு சட்டம் உறக்கத்தைக் காக்கிறது. மற்றொரு சட்டம் பாதையைக் காக்கிறது. இரண்டும் நம் நன்மைக்கே எழுதப்பட்டவை.

நீதிமன்றமும் இந்தத் தராசைப் பிடித்துப் பார்த்திருக்கிறது. மும்பை மெட்ரோவின் மூன்றாம் தடத்துக்குப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டியபோது, தென் மும்பைவாசிகள் உறக்கம் கெட்டது என்று முறையிட்டார்கள். மும்பை உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் இரவு வேலைக்குத் தடை விதித்தது. ஓராண்டு கழித்து 2018 ஆகஸ்டில் அத்தடையை நீக்கியது. அத்தடத்தின் கடைசிப் பகுதியும் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. உறக்கமும் ஓர் உரிமை என்பதை நீதிமன்றம் ஏற்றது. அந்த உரிமை எந்நாளும் எல்லா வேலையையும் நிறுத்தி வைக்கும் வாள் அன்று என்பதையும் ஏற்றது.

உறக்கம் கெடுவதை அற்பமாக எண்ணலாகாது. "ரெயில் ஓரத்தில் குடியிருப்பவர்கள்தாமே, ஓசை உங்களுக்குப் பழக்கந்தானே?" என்று ஒரு மேஸ்திரி நம்மிடம் கேட்டார். ரெயில் ஓசை பழகிவிட்டது உண்மை. அது தொலைவில் எழுந்து, அருகில் பெருகி, மெல்ல அடங்குகிறது. அதன் போக்கைக் காது அறியும். பிரேக்கரோ நின்று நின்று குத்துகிறது. நின்றதா என்று எண்ணுமுன் மீண்டும் குத்துகிறது. அதற்கு எந்தக் காதும் எளிதில் பழகுவதில்லை. ஐம்பது அடித் தொலைவில் அதன் ஓசை ஏறத்தாழ 90 டெசிபல். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கன்று. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஏறுகிறது. இரவு வரம்பான 45க்கும் 90க்கும் உள்ள இடைவெளி, ஆற்றலில் முப்பதாயிரம் மடங்குக்கு மேல்! இரவில் திரும்பத் திரும்ப ஓசையால் விழிப்பவருக்கு இரத்த அழுத்தமும் இதய நோயும் மிகும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பிய நாடுகளுக்குக் கூறிய இரவு ஓசை அளவு 40 டெசிபல்தான். ஆகவே என் தாயாருக்கு நேர்ந்தது முதியவர் ஒருவரின் சலிப்பன்று. உடம்புக்கு நேர்ந்த கேடு.

இவ்வளவும் மனத்தில் சுழல, அன்று மாலையே பாலத்து வேலையைப் பார்க்கும் பொறியாளரைக் கண்டு, மனுவை எழுதியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "கர்டரை இரவில்தான் இறக்க வேண்டும். அதில் மாற்றமில்லை. மற்றபடி உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்றார். மறுநாள் காலனிக் கூட்டத்தில் நான் கோப்பில் கண்டதைச் சொன்னேன். சிலர் என்மேல் சினந்தார்கள். "ரெயில்வே சோறு தின்பவர் ரெயில்வேயைத்தான் பேசுவார்" என்று ஒருவர் சொன்னது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அந்தச் சொல்லுக்குள் எது உண்மை, எது வசதி என்று யார் பிரித்துப் பார்ப்பது?" என்று கேட்டார். அன்பர்களே, அக்கேள்விதான் நம்மைக் காப்பாற்றியது.

அவர் சொற்படி பிரித்துப் பார்த்தோம். பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. நம்மை எழுப்பிய ஓசையில் பெரும்பகுதி கர்டரிலிருந்து வரவில்லை! கர்டர் வேலை இரவு ஒன்றேகால் மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குமுன் முடிந்துவிடும். அதில் காஸ் கட்டிங்கும் கிரேனுமே மிகுதி. பதினொரு மணி முதல் பிரேக்கரால் குத்தியதெல்லாம் காலனிப் பக்கத்துப் படிக்கட்டின் கான்கிரீட். படிக்கட்டோ தண்டவாளத்தின் மேல் இல்லை; மின்கம்பிக்கு அருகிலும் இல்லை. பாலந்தான் மூடிக்கிடக்கிறதே; பகல் முழுவதும் இடிக்கலாம். பின் ஏன் இரவில் இடித்தார்கள்? ஆளும் இயந்திரமும் பவர் பிளாக்குக்காக வந்து காத்திருந்தன. சும்மா இருப்பானேன் என்று ஒப்பந்தக்காரர் அவ்வேலையையும் கொடுத்துவிட்டார். அவசரம் என்ற வண்டியில் வசதியும் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டது!

அன்றுமுதல் படிக்கட்டு வேலை காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணிவரை என்று ஆயிற்று. கர்டர் வேலை இரவிலேயே நடந்தது. கம்பிரசரையும் ஜெனரேட்டரையும் காலனிச் சுவரோரத்திலிருந்து நகர்த்திப் பண்டகசாலைக்கு அப்பால் வைத்தார்கள். தொலைவு இருமடங்கானால் ஓசை ஆறு டெசிபல் குறையும் என்பது கணக்கு. எந்தெந்த இரவில் வேலை என்ற பட்டியலை இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் எழுதி நம் சங்க வாயிலில் ஒட்டினோம். இரவில் பொறுப்பாக நிற்பவரின் தொலைபேசி எண்ணையும் அதில் குறித்தோம். தேர்வுக்கு முந்திய இரண்டு இரவுகளில் வேலை வைக்கவில்லை. சங்கத்தின் பின் மண்டபத்தில் பாய் விரித்து, முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் உறங்க இடம் செய்தோம். என் தாயாரும் அங்கே ஒன்பது இரவுகள் உறங்கினார்.

இதில் ஒருவருக்கும் துன்பம் இல்லாமற் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்கும் தோழர் ஒருவர் நம் காலனியில் உண்டு. "இரவு ஓசையை நிறுத்தப் பகலுக்குத் தள்ளினீர்கள், என் இரவு பகலில்தானே இருக்கிறது?" என்று அவர் கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. மண்டபத்தின் சாவியை அவரிடம் கொடுத்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. பொதுநன்மை என்று நாம் சொல்லும் எதற்கும் ஒருவர் மற்றவரைவிடச் சற்று அதிகமாக விலை கொடுக்கிறார். அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வதாவது நம் கடமை.

அந்த இரவுகளில் ஒருநாள் இரண்டு மணிக்கு நானும் சென்று வேலையைப் பார்த்தேன். போஜ்புரியும் மராத்தியும் பேசும் இளைஞர்கள், பனியில் நனைந்த இரும்பின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நமக்குச் சன்னலும் சுவரும் கடந்து வந்த ஓசை அவர்கள் காதுக்கு ஒரு முழத்தில் இருந்தது. பலர் காதில் பஞ்சு தவிர வேறொன்றும் இல்லை. என் தந்தையாரும் கேங்கில் வேலை செய்தவர். நாலு மணிக்கு வீடு திரும்பி, நாங்கள் விழித்துவிடாதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். அவருக்கு வயதானபோது காது மந்தமாயிற்று. நாங்கள் உரக்கப் பேசி, அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. அன்றிரவு அந்தச் சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டேன். மறுநாள் கொடுத்த இரண்டாவது மனுவில், வேலையாட்களுக்குக் காதடைப்பான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். கொடுத்தார்கள்.

பெரியோர்களே, இனி என் சொற்பொழிவின் சாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். நம் காலனியைச் சுற்றித் தண்டவாளமும் சாலையும் குழாயும் கம்பியும் இருக்கின்றன. இன்று பாலம், நாளை தண்ணீர்க் குழாய் வெடிக்கலாம், மறுநாள் சாலை உள்வாங்கலாம். இரவில் வேலை செய்யவேண்டும் என்று எவரேனும் வந்தால், சினமும் வேண்டா, தலையாட்டலும் வேண்டா. நான்கு கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று: தாமதித்தால் யாருடைய உயிருக்கு ஆபத்து? அதைப் பொறுப்புள்ள பொறியாளர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா?

இரண்டு: இதைப் பகலில் செய்ய முடியாமைக்குக் காரணம் என்ன? வேலை முழுவதற்கும் அக்காரணம் பொருந்துமா, ஒரு பகுதிக்கு மட்டுமா?

மூன்று: ஓசையைக் குறைக்க வழியுள்ளவற்றையெல்லாம் செய்தாயிற்றா? வேறு கருவி, வேறு இடம், தடுப்புத் திரை, முன்னறிவிப்பு?

நான்கு: எத்தனை இரவுகள்? முடியும் நாள் எது? முடியாவிட்டால் யாரைக் கேட்பது?

இந்நான்கிற்கும் நேர்மையான விடை வருமானால், நம் உறக்கத்தைச் சில நாட்களுக்குக் கடனாகக் கொடுக்கத் தயங்கக் கூடாது. விடை வராவிட்டால், சட்டம் நம் பக்கம் இருக்கிறது, உறுதியோடு மறுக்கலாம். கட்டடக்காரர் தம் மாடியை விரைவில் விற்பதற்காகச் செய்யும் இரவு வேலைக்கும், துருப்பிடித்த கர்டரை இறக்கும் இரவு வேலைக்கும் வேற்றுமை தெரிந்த ஊராகவே நாம் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் எதிர்ப்பவன் சொல்லை ஆபத்து வேளையில் ஒருவரும் மதியார். எல்லாவற்றையும் பொறுப்பவன் சொல்லையோ எந்த வேளையிலும் ஒருவரும் மதியார்.

அதற்காகச் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மூவர் கொண்ட சிறு குழு ஒன்றை அமைப்போம். அதில் ஒருவர் தாயாராக இருக்கட்டும். குழந்தை எப்போது விழிக்கிறது என்று ஆண்களுக்குத் தெரிவதில்லை. ரெயில்வேயும் மாநகராட்சியும் இரவு வேலைக்குமுன் அக்குழுவுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பும்படி கேட்போம். என் ஆபீஸைப் பொறுத்தவரை எனக்குள்ள அதிகாரம் மிகச் சிறியது. ஆயினும் அந்தச் சிறிய அதிகாரத்துக்குள், நான் அடிக்கும் அறிவிப்பின் வரைவில் ஒன்பதாவது நகலாக, "அருகிலுள்ள குடியிருப்போர் சங்கம்" என்று ஒரு வரியை எழுதி மேலதிகாரியின் முன் வைத்தேன். அவர் ஒன்றும் கேளாமல் கையொப்பமிட்டார். இத்தனை ஆண்டுகளில் நான் தட்டச்சு செய்த வரிகளுள், நானாக எழுதியது அது ஒன்றுதான்.

புதிய பாலம் பங்குனியில் திறந்தது. முதல் நாள் என் தாயாரைக் கைபிடித்து அழைத்துச் சென்றேன். நடுப்பாலத்தில் நின்று கீழே ஓடும் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதற்காகத்தானா அத்தனை சத்தம்?" என்றார். "ஆம், அம்மா" என்றேன். "முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பேசாமல் பெரியவள் வீட்டுக்குப் போயிருப்பேனே" என்றார்.

அறிவித்திருந்தால் பொறுத்திருப்போம் என்பதே அதன் பொருள். ஆபீஸில் இருப்பவர்களுக்கும், வெளியில் இருப்பவர்களுக்கும், இரண்டிலும் ஒரு கால் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கும் அது பொருந்தும்.

 குமாஸ்தாவின் பேச்சு கோப்புப் போலத்தான் இருக்கும். பிழை இருப்பின் பொறுத்தருள்க.